மூடி உட்காராத பெட்டி

மத்திகிரி
9.6.2025

சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு, சிவராஜின் மேஸ்திரி சுடலைமுத்து எழுதுவது.

போனில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். என் நம்பர் உங்கள் போனுக்கு வராதபடி செய்துவிட்டீர்கள் என்று, என்னிடம் வேலை பார்க்கிற விமல்ராஜ் சொன்னான். அதனால் தபாலில் வருகிறேன். சிவராஜின் காரியத்தன்று ஜவளகிரிக்கு வந்த என்னை வாசலிலேயே நிறுத்தி, "உனக்கு இங்க என்ன வேலை" என்று கேட்டீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் கேட்கிறார் என்று அப்படியே திரும்பி பஸ் ஏறினேன். ஆனால் மறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று எழுத எனக்கு வராது.

கம்பெனியில் ஒரு காகிதம் அடித்து வைத்திருக்கிறார்களாம். "ஒயர்மேன் சிவராஜ் அனுமதி பெறாமல் தளர்வான ஜாயின்ட் போட்டதே தீ விபத்துக்குக் காரணம். இதில் குடும்பத்தாருக்கு ஆட்சேபம் இல்லை." கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம். போட்டுக் கொடுத்தால் உங்கள் மருமகள் சுவாதிக்கு அதே கம்பெனியில் வேலை.

போடாதீர்கள். அது பொய்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஷெட்டுக்குள் ஆள் உயரத்துக்கு மேலே சுவரோரமாக நீளமான தகரப் பெட்டி ஓடும். டிரங்கிங் என்போம். மெஷின்களுக்குப் போகிற ஒயர் எல்லாம் அதற்குள் போகும். மேலே மூடி. அது அமெரிக்கக் கம்பெனி, அங்கிருந்து வந்த விதிதான் ஷெட்டில் ஒட்டியிருக்கிறது. பெட்டியைக் குறுக்கே வெட்டினால் அதன் வாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒயர் இருக்கக் கூடாது. மிச்சம் காற்று. கரண்ட் போகிற ஒயர் சூடாகும், அந்தச் சூடு போக இடம் வேண்டும். ஜாயின்ட் போட்ட இடத்தில் மட்டும், ஒயர், ஜாயின்ட், டேப் எல்லாம் சேர்த்து முக்கால் பங்கு வரை போகலாம். ஜாயின்ட் தடிமனாக இருக்கும் என்பதால் அந்த ஓரிடத்துக்குக் கொடுத்த சலுகை அது. மெயின்டனன்ஸ் மேனேஜர் ராஜசேகர் அதைப் பிடித்துக்கொண்டார். "முக்கால் வரைக்கும் போகலாம்னுதானே போட்டிருக்கு மேஸ்திரி" என்று பெட்டி நெடுக முக்கால் பங்கு ஒயரை அடைக்க வைத்தார். புது மெஷின் வரும்போதெல்லாம் இன்னொரு கத்தை. எழுதியும் கொடுத்தேன், வாயாலும் சண்டை போட்டேன்.

மாசி மாதம் ஷெட்டின் கடைசியில் ஒரு மெஷினை இறக்கினார்கள். அதற்குப் புது லைன் இழுக்க நேரமில்லை, ஓடுகிற லைனிலேயே ஜாயின்ட் போட்டு எடு என்று சிவராஜிடம் வாய்மொழியாகச் சொன்னது ராஜசேகர். நான் அப்போது வேறொரு ஷெட்டில் இருந்தேன். போன் செய்தான். "மேஸ்திரி, மூடி உக்கார மாட்டேங்குது." கை வைக்காதே, வருகிறேன் என்றேன். நான் போய்ச் சேர்வதற்குள் மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மெஷினை ஓட்டிவிட்டார்கள்.

சில வாரம் கழித்துத் தீப்பிடித்தது அவன் ஜாயின்டில் இல்லை என்று சொல்கிறேன். நடுவில், பெட்டி திரும்புகிற வளைவில். ஒயர் நெருக்கிப் பிழிந்து கிடந்த இடம் அது. புகை வந்ததும் பேக்கிங் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு மெயினை இறக்க உள்ளே ஓடினான். புகை அவனை விடவில்லை.

அடுத்த மாதம் தீ விபத்து பற்றி அரசாங்க விசாரணை. நான் சொல்லப் போகிறேன். நீங்களும் வர வேண்டும்.

சுடலைமுத்து

*

ஜவளகிரி
20.6.2025

மேஸ்திரிக்கு.

உங்கள் கடிதம் வந்தது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. வீட்டில் பேசுவது தெலுங்கு, தமிழ் பள்ளிக்கூடத்தோடு சரி. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் உங்கள் குரலைக் கேட்க எனக்கு ஆகவில்லை. அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. சுவாதி வேலைக்குப் போகிறாள். மத்திகிரியில் மூன்று பெண்களோடு ரூம் எடுத்திருக்கிறாள். கேன்டீன் டோக்கன் கொடுக்கிற வேலை, உட்கார்ந்தபடி செய்யலாம்.

நீங்கள் எழுதிய பெட்டிக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஈரம் காயாத கேழ்வரகுத் தாளை மிதித்து அழுத்திப் போர் போட்டால் உள்ளே சூடேறும். கையை விட்டால் சுடும். அப்படியே விட்டால் தானாகப் புகையும். எங்கள் ஊரில் இதற்கு யாரும் விதி எழுதி ஒட்டவில்லை. ஆனால் போர் சுடுகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே பிரித்துப் போடுவோம். நாளும் கிழமையும் பார்க்க மாட்டோம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடப் போனபோது ராஜசேகர் சார் ஒன்று சொன்னார். போன வருஷம் ஆயுத பூஜையன்று லைன் முழுவதும் நிறுத்தித் தருகிறோம், இரண்டாவது பெட்டி போட்டு ஒயரைப் பிரித்துவிடு என்று உங்களிடம் கேட்டார்களாம். பெட்டி, சாமான் எல்லாம் வாங்கி வைத்திருந்தார்களாம். நீங்கள் மாட்டேன் என்றீர்களாம். "உங்க மேஸ்திரிதான் சாமி கும்பிடப் போயிட்டாரு, நாங்க என்ன பண்றது" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மத்தியானமே சிவராஜ் பொரியும் டிராக்டருக்கு மாலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஷெட்டில் வேலை இருக்கிறது என்றாயே என்று கேட்டேன். "மேஸ்திரி ஆயுதத்த பூஜையில வெச்சிட்டாருப்பா. இனி கம்பெனியே எரிஞ்சாலும் நாளைக்குத்தான் எடுப்பாரு" என்றான். நானும் அவனும் சேர்ந்து சிரித்தோம்.

அவர் சொன்னது உண்மையா? அதை மட்டும் எழுதுங்கள். விதி எழுத வேண்டாம்.

சென்னகிருஷ்ணன்

*

மத்திகிரி
2.7.2025

சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு.

உண்மை.

ஒளிக்க இதில் ஒன்றுமில்லை. நான் ஐ.டி.ஐ. படித்தவன் இல்லை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு கட்டிங் பிளேயரும் ஒரு டெஸ்டரும். வாத்தியார் கிடையாது. கரண்ட் அடித்து அடித்துக் கற்றேன். எத்தனையோ பேர் செத்த வேலையில் நான் சாகாமல் இருப்பது என் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்ததில்லை. அந்த ஒரு நாள் ஆயுதத்தைக் கழுவிச் சந்தனம் வைத்துப் பூஜையில் வைப்பேன். மறுநாள் காலையில்தான் எடுப்பேன். எந்தக் கம்பெனிக்காகவும் அதை மாற்றியதில்லை.

அது ராஜசேகருக்குத் தெரியும். ஓசூரில் எந்த ஒயர்மேனும் அன்று பிளேயரைத் தொட மாட்டான் என்பதும் தெரியும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அவர்களுடையதுதானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்களா? பொங்கலுக்குக் கொடுத்தார்களா? கேட்டால் ஆர்டர் இருக்கிறது, டெலிவரி இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கு நஷ்டமில்லாத ஒரே நாளை, எனக்கு ஆகாத ஒரே நாளைப் பார்த்துக் கொடுத்தார்கள். விஜயதசமியன்று விடியற்காலையில் வருகிறேன், மத்தியானத்துக்குள் முடிக்கிறேன் என்றேன். பூஜை முடிந்ததும் மெஷின் ஓடியாக வேண்டும் என்றார்கள். மாசியில் மூடி உட்காரவில்லை என்று ஓடிப்போய் நிறுத்தச் சொன்னபோதும் ராஜசேகர் கேட்டது இதைத்தான். "நிறுத்தித் தந்தப்ப எங்க போனீங்க மேஸ்திரி?"

நான் வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள் என்றால், இல்லை. வெட்கப்பட வேண்டியவன் பெட்டியை அடைத்தவன்.

எட்டாம் தேதி விசாரணை. நீங்கள் வராவிட்டாலும் போவேன். உங்கள் கையெழுத்தை நீங்கள் விற்றுவிட்டீர்கள். என் வாயை யாரும் வாங்கவில்லை.

சுடலைமுத்து

*

ஜவளகிரி
27.7.2025

மேஸ்திரிக்கு.

விற்றேன் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பதில் எழுதுவதில்லை என்றும் இருந்தேன். இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் விசாரணையில் பேசிய மறுநாளே சுவாதியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "உங்க வீட்டு ஆளுங்கள கொஞ்சம் அடக்கி வைம்மா" என்றார்களாம். எங்க வீட்டு ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் கேன்டீனிலிருந்து எடுத்து ஷெட்டில் பேக்கிங்குக்குப் போட்டுவிட்டார்கள். அதே ஷெட். சிவராஜ் போன ஷெட்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சாப்பிடவில்லை. சிவராஜின் அம்மா வெங்கடம்மாள் கேட்டதற்குப் பசியில்லை என்றாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனபோது என்னிடம் மட்டும் கேட்டாள். "மாமா, அவரு கடைசியா வீட்டுக்கு வந்தப்ப, மூடி உக்கார மாட்டேங்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரே, அது எது? மேல நீளமா போற பெட்டியா?" ஆமாம் என்றேன். "எரிஞ்ச இடத்துல புதுசு போட்டிருக்காங்க. ஆனா மூடி ஒரு பக்கம் எழும்பியே நிக்குது. பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டி வெச்சிருக்காங்க. நான் நிக்கிறது நேரா அதுக்குக் கீழ."

யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சொல்லிப் போனாள். நான் உங்களிடம் சொல்கிறேன். வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூடியை டேக் போட்டுக் கட்டினால் அதற்கு என்ன அர்த்தம்?

சென்னகிருஷ்ணன்

*

மத்திகிரி
31.7.2025

சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு.

போர் மறுபடி சுடுகிறது என்று அர்த்தம்.

அவளை அங்கே நிற்கவிடாதீர்கள். வேலையை விடச் சொல்லுங்கள். விட மாட்டேன் என்றால் வேறு இடம் கேட்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தால் யாரிடமும் கேட்காமல் வெளியே போக வேண்டும். பையை எடுக்கத் திரும்பக் கூடாது.

இப்போது அந்த ஷெட்டை எடுத்திருப்பவன் விமல்ராஜ். என்னிடம் இருந்தவன்தான். விசாரணைக்குப் பிறகு எனக்கு எந்தக் கம்பெனி வாசலிலும் பாஸ் கிடையாது, அவன்தான் என் வேலைகளை எல்லாம் எடுத்துச் செய்கிறான். போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"அதே சைஸ் பெட்டிய போட்டு அதே ஒயர அடைச்சிருக்கியேல, எரிஞ்சத பாத்தவன்தானே நீ?"

"கைய எடுங்க மேஸ்திரி. ரெண்டாவது பெட்டி கேட்டேன். சாமான் ஸ்டோர்ல அப்படியேதான் கெடக்கு. ஷட்டவுன் ஆயுத பூஜைக்குத்தான்னு சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க என்ன சொன்னீங்களோ அதான் சொன்னேன். ஆயுதத்த அன்னைக்குத் தொடக்கூடாதுன்னு யாருகிட்ட கத்துக்கிட்டேன்?"

கையை எடுத்துவிட்டேன்.

விசாரணையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிவராஜ் ஜாயின்ட் போட்ட பகுதி எரியவில்லை, பழைய பெட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது, மூடியைத் திறந்து பாருங்கள் என்றேன். லைன் ஓடுகிறது, நிறுத்த முடியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. உங்கள் கையெழுத்தையும் எடுத்துக் காட்டினார்கள். தகப்பனே ஒப்புக்கொண்டபோது நீ யார் என்று வக்கீல் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

சுடலைமுத்து

*

ஜவளகிரி
9.9.2025

மேஸ்திரிக்கு.

இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சுவாதி வேலையை விட மாட்டேன் என்கிறாள். "இங்க உக்காந்து என்ன பண்றது மாமா? அத்தை முகத்த நானும் என் முகத்த அத்தையும் பாத்துட்டா?" என்கிறாள். வேறு இடம் கேட்டாளாம். இருக்கிற இடத்தில் இரு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார்களாம்.

இங்கே தக்காளியை யானை மிதித்துவிட்டது. கேழ்வரகு இப்போதுதான் எழும்பி நிற்கிறது. அதற்குக் காவல் இருக்கிறேன். பரண் மேல் உட்கார்ந்தால் யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் யோசித்ததை எழுதுகிறேன்.

உங்கள் மேல் இருந்த கோபத்தில்தான் அந்தக் கையெழுத்தைப் போட்டேன். சுவாதியின் வேலைக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் இருந்தது. ஆனால் ராஜசேகர் சார் ஆயுத பூஜைக் கதையைச் சொன்னதும் கை தானாகப் பேனாவை எடுத்தது. மேஸ்திரி சொல்கிற எதுவும் உண்மையாக இருக்கக் கூடாது என்று இருந்தது எனக்கு.

ஆயுத பூஜை இந்த வருஷம் அக்டோபர் ஒன்றாம் தேதி வருகிறது. லைன் நிற்கும். சாமான் ஸ்டோரில் கிடக்கிறது என்று நீங்களே எழுதினீர்கள். தொட ஆள் இல்லை.

நீங்கள் தொடுங்கள்.

உதவியாகக் கேட்கவில்லை. நீங்கள் ஒரு நாள் கை வைக்காததால் நின்றுபோன வேலை அது. அடைத்தவன் பாவம் அடைத்தவனுக்கு. பிரிக்காமல் விட்டது யார்? சாமி குற்றம் வந்தால் என் பேரைச் சொல்லுங்கள். என்னிடம் இன்னும் எடுத்துக்கொள்ள அதற்கு என்ன இருக்கிறது? சுவாதி இருக்கிறாள். அதற்குத்தான் கேட்கிறேன்.

சென்னகிருஷ்ணன்

*

மத்திகிரி
3.10.2025

சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு.

வேலை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான்கு நாள் அதை எடுத்துப் படிப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிறகு விமல்ராஜோடு போய் ராஜசேகரைப் பார்த்தேன். பூஜையன்று கூலி வேண்டாம், நான் ஏறிச் செய்கிறேன் என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "செய்ங்க. ஆனா விசாரணையில சொன்னத வாபஸ் வாங்கி எழுதிக் குடுத்துட்டுச் செய்ங்க. உள்ள விட்ட ஆளு வெளிய போய் எங்கமேலயே கேஸ் பேசினா எப்படி மேஸ்திரி?"

எழுந்து வெளியே வந்துவிட்டேன். கேட் வரைக்கும் வந்தேன். ஷிப்டு மாறுகிற நேரம். பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். அதில் சுவாதி இருந்தாள். என்னைப் பார்த்தாள். அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பிப் போய் எழுதிக் கொடுத்தேன். ஒயர்மேன் சிவராஜ் போட்ட தளர்வான ஜாயின்டே காரணம், முன்பு நான் சொன்னது தவறான புரிதல். அதே வார்த்தைகள். உங்களை விற்றவர் என்று எழுதினேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கவில்லை. என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூஜையன்று காலையில் என் வீட்டுக்காரி ராஜலட்சுமி கதவை மறித்து நின்றாள். "இந்த வயசுல சாமி குத்தத்த தேடிக்கிடாதீய" என்றாள். அவள் கழுவி வைத்திருந்த பிளேயரைச் சந்தனம் வைப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டேன். ஷெட்டில் மெஷினுக்கெல்லாம் மாலை, குங்குமம், வாசலில் பூசணிக்காய். எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு போன பிறகு நான் ஏறினேன். விமல்ராஜ் மட்டும் போகவில்லை. "நான் ஏணிய புடிச்சுக்கிறேன் மேஸ்திரி. ஏணி ஆயுதத்துல சேராது" என்றான். கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றான். சாயங்காலம் முதுகு ஒடியும் நேரத்தில் அவனே மேலே வந்து ஸ்க்ரூ டிரைவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது பெட்டி போட்டாயிற்று. ஒயரைப் பிரித்து இரண்டிலும் விட்டாயிற்று. சுவாதி தலைக்கு மேல் இருக்கிற மூடி இப்போது ஒற்றை விரலால் அழுத்தினால் உட்காருகிறது.

இனி வருவதுதான் நான் எழுதத் தயங்குவது. கடைசி மெஷினுக்கு இப்போது முழு லைனே இழுத்துவிட்டதால் சிவராஜின் ஜாயின்ட் தேவைப்படவில்லை. அதை எடுக்கப் பழைய பெட்டியைத் திறந்தேன். எரியவில்லை. டேப் கூட உருகவில்லை. தளரவும் இல்லை. இருபுறமும் ஒரு முழம் ஒயர் விட்டு நறுக்கி, ஜாயின்டைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

விசாரணையில் கேட்டேனே, திறந்து பாருங்கள் என்று. இதுதான் அது. நான் பொய் எழுதிக் கொடுத்த பிறகு என் கைக்கு வந்திருக்கிறது. கொண்டுபோய் மேஜையில் வைக்கலாம். எங்கிருந்து நறுக்கினாய், யார் பார்த்தது என்பார்கள். உங்கள் கையெழுத்தையும் என் கையெழுத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். அன்றைக்கே சுவாதியை வெளியே அனுப்புவார்கள். அப்படியும் வைக்கத்தான் வேண்டும் என்று என் புத்தி சொல்கிறது. இதுவரை என் புத்தி சொன்னபடிதான் எல்லாம் செய்தேன்.

இதில் முடிவு எடுக்க எனக்கு உரிமை இல்லை. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் மகன் போட்டது. நீங்கள் சொல்லுங்கள்.

சுடலைமுத்து

*

ஜவளகிரி
14.10.2025

மேஸ்திரிக்கு.

பார்சல் வந்தது.

சுவாதி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மூடி உட்கார்ந்துவிட்டது என்றாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். நீங்கள் அனுப்பியதை அவளிடமும் வெங்கடம்மாளிடமும் நான் காட்டவில்லை. அவள் பஸ் ஏறிய பிறகு பரணுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

நான் கையெழுத்துப் போட்ட காகிதத்திலும், நீங்கள் போட்ட காகிதத்திலும், தளர்வான ஜாயின்ட் என்று இருக்கிறது. இரண்டு முனையையும் இரண்டு கையில் சுற்றிக்கொண்டு, காலைக் கட்டையில் முட்டுக் கொடுத்து, என் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். மாடு பிடித்த கை. ஒயர் உள்ளங்கையை அறுத்து ரத்தம் வந்தது.

அது பிரிந்து வரவில்லை.

விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். சுவாதி இந்த வாரம் இரண்டாம் ஷிப்டு.

சென்னகிருஷ்ணன்